அங்கோர் பார்த்தாச்சு, மிச்சமிருக்கும் ஒரு நாளை எந்தக் கெமர் கோயிலுக்குக் கொடுப்பது?

அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்க்கக் காலை ஐந்து மணிக்கே போனாலும் குளக்கரையில் முன்வரிசை கிடைப்பது கஷ்டம். தா புரோமில் வேர் கவிந்த வாசலின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பாக்கெங் குன்றில் அந்திச் சூரியனைப் பார்க்க ஒரே நேரத்தில் 300 பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. 2024-இல் மட்டும் வெளிநாட்டவர் பத்து லட்சத்துக்கும் மேல் அங்கோர் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்புக்குத் திட்டம் போடும் எவரும் இரண்டாவதாகக் கேட்பது, "கூட்டம் இல்லாத கோயில் ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான்.

நிறையவே இருக்கின்றன. அங்கோரைக் கட்டிய கெமர் அரசர்கள் இன்றைய கம்போடியாவோடு நிற்கவில்லை. தாய்லாந்தின் வடகிழக்கு, லாவோஸின் தெற்கு வரை கட்டிவைத்தார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரு முழு நாளைக் கேட்கும், சில இரண்டு நாளைக் கேட்கும். நம்மிடம் மிச்சம் இருப்பதோ பெரும்பாலும் ஒரு நாள். எனவே எதை விடுவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதில் கூட்டமின்மையை அளவுகோலாக வைத்தால் முடிவுக்கு வரவே முடியாது. ஒன்றைத் தவிர, கீழே சொல்லும் எல்லா இடங்களும் கூட்டமில்லாதவைதான். கல்லில் எதைப் பார்க்க ஆசை, அதற்காக எத்தனை மணி நேரம் வண்டியில் உட்காரத் தயார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் விடை சீக்கிரம் வந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். உங்கள் குறை கூட்டம் மட்டும்தான் என்றால் ஊரை விட்டு வெளியே போகவே வேண்டாம். அங்கோர் பாஸுக்குள்ளேயே பந்தியாய் சம்ரே இருக்கிறது. அங்கோர் வாட் பாணியில் அமைந்த சிறிய, ஒழுங்கான கோயில். பெரிய சுற்றுலாப் பேருந்துகள் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. காட்டுக்குள் இருக்கும் தா நெய் இன்னும் தனிமை. குழுக்களெல்லாம் சாப்பிடப் போகும் நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை பிரியா கான் போன்ற பெரிய கோயிலே பாதி காலியாகிவிடும். வெயில் கொளுத்தும், அது வேறு விஷயம். பாஸ் விலை ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் பாஸைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டிய கட்டாயமில்லை, பத்து நாளுக்குள் விட்டுவிட்டுப் போகலாம். இதுவே போதும் என்று தோன்றினால் மிச்சப் பணத்தில் நிம்மதியாக ஊர் சுற்றலாம். இல்லை, அங்கோரில் இல்லாத ஏதோ ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

பெங் மீலியா: இனிமேல் ரகசியம் இல்லை

இணையத்தில் 'யாரும் போகாத கோயில்' என்று தேடினால் முதலில் வருவது இதுதான். அதனாலேயே எல்லோரும் போகிறார்கள். மேலே ஒன்றைத் தவிர என்றேனே, அது இதுதான். சியம் ரீப்பிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் காலத்துப் பாணி. குலேன் மலை அடிவாரத்தில், கல் வெட்டிய இடங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரும்பகுதி இடிந்து விழுந்தபடியே விட்டிருக்கிறார்கள். கல் குவியல்களுக்கு மேலே மரப்பாலம் போட்டிருப்பதால் நடப்பது சிரமமில்லை. இப்போது அங்கோர் பாஸிலேயே இதுவும் அடங்கிவிடுவதால் டிக்கெட் செலவு இல்லை.

பாசி படிந்த கல், வேர், இடிபாடு என்ற அந்தக் காட்சிதான் வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் வேன்கள் வரத் தொடங்கிவிடும். தனியாக ஒரு நாளை இதற்கே கொடுப்பது வீண். கோ கெர் போகும் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவதுதான் சரி.

கோ கெர்: ஒரே நாளில் போய்வர இதைவிட நல்லது இல்லை

சியம் ரீப்பிலிருந்து வடகிழக்கே சுமார் 120 கிலோமீட்டர். காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். துக் துக்கில் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முதுகு போய்விடும். பத்தாம் நூற்றாண்டில் நான்காம் ஜெயவர்மன் அங்கோரை விட்டுவிட்டு இங்கே தலைநகரம் அமைத்தான். 928 முதல் 944 வரைதான் அது தலைநகராக இருந்தது. அப்புறம் வந்த ராஜேந்திரவர்மன் மறுபடி அங்கோருக்கே போய்விட்டான். பதினாறு ஆண்டு வாழ்ந்த ஊருக்கு இத்தனை கோயில்களா என்று மலைப்பாக இருக்கும். 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் 15 டாலர், அங்கோர் பாஸ் இங்கே செல்லாது.

எல்லோரும் பார்ப்பது பிரசாத் தோம். ஏழு அடுக்காக 36 மீட்டர் உயரத்துக்கு எழும் படிப் பிரமிடு. கெமர் கட்டடம் என்றதும் மனத்தில் வரும் தாமரை மொட்டுக் கோபுரங்கள் எதுவும் இதில் இல்லை. பக்கவாட்டில் போட்டிருக்கும் மரப்படியில் ஏறி உச்சிக்குப் போகலாம். மேலே திரிபுவனேஸ்வரர் என்ற பெயரில் பெரிய லிங்கம் இருந்தது. லிங்கமும் இல்லை, கருவறையும் இல்லை. அதைத் தாங்கிய அடிப்பீடம் சிதைந்து கிடக்கிறது, நடுவில் கிணறு மாதிரி ஒரு குழி. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை காட்டு மரங்களின் தலைதான்.

ஆனால் நான் கோ கெரைப் பரிந்துரைப்பது பிரமிடுக்காக இல்லை. வட்டச் சாலையில் அங்கங்கே சின்னச் சின்ன லிங்கக் கோயில்கள் வரும். பெரும்பாலான வண்டிகள் அங்கே நிற்பதே இல்லை. டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே போனால் ஆள் உயரத்துக்கு லிங்கமும் ஆவுடையாரும், கூரை போன கருவறைக்குள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அபிஷேகத் தண்ணீர் ஆவுடையிலிருந்து வழிந்து சுவரில் வைத்த துவாரம் வழியாக வெளியே விழும்படி செய்திருக்கிறார்கள். கோமுகி எங்கே என்று நம் கண் தானாகத் தேடும், அது இருக்க வேண்டிய வடக்குச் சுவரிலேயே இருக்கும். இதை எந்த வழிகாட்டியும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்து பிரசாத் சென். பார்வைக்கு இங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கோ கெரின் பெரிய கதையே இங்கேதான் நடந்தது. மகாபாரதத்தின் கடைசிக் கதாயுதச் சண்டையை ஆள் அளவுச் சிலைகளாக ஒரு மண்டபத்தில் நிறுத்தியிருந்தார்கள். துரியோதனனும் பீமனும் மோத, பலராமர் உள்ளிட்டோர் சுற்றி இருந்து பார்க்கும்படி அமைத்த தொகுதி. புடைப்புச் சிற்பமாகச் சுவரில் செதுக்காமல், சுற்றிவந்து பார்க்கும் தனிச் சிலைகளாகவே செய்தார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் திருடர்கள் சிலைகளைக் கணுக்காலோடு வெட்டி எடுத்துப் போனார்கள். பாதங்கள் பீடத்திலேயே தங்கிவிட்டன. 2011-இல் நியூயார்க்கில் சதபீஸ் நிறுவனம் துரியோதனனை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, அந்தப் பாதங்கள்தான் அவன் எந்த ஊர்க்காரன் என்பதைக் காட்டிக்கொடுத்தன. வழக்குக்குப் பிறகு 2014-இல் அவன் வீடு திரும்பினான். அதே ஆண்டு கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்திலிருந்து பீமனும், கிறிஸ்டீஸ் நிறுவனத்திடமிருந்து பலராமரும் வந்தார்கள். இப்போது அவர்களைப் பார்க்க பினோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். முடிந்தால் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுக் கோ கெருக்கு வாருங்கள். சிலையைப் பார்த்த கண்ணோடு அது நின்ற இடத்தைப் பார்ப்பதுதான் நிறைவு. தலைகீழாகச் செய்தால் பிரசாத் சென் வெறும் கல் மேடாகத்தான் தெரியும்.

குறை என்ன? கோயில்கள் சிதறிக் கிடப்பதால் வண்டி ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றிய பகுதிகள்தான் என்றாலும் தேய்ந்த பாதையை விட்டு ஒதுக்குப்புறமாகக் காட்டுக்குள் இறங்கக்கூடாது. நிழலும் குறைவு.

சாம்போர் பிரே குக்: போகிற வழியிலேயே இருக்கிறது

இந்தப் பட்டியலில் மிகக் குறைவாக மதிக்கப்படும் இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். காரணம் எளிது. படத்தில் எடுப்பாகத் தெரியாது. சிவந்த செங்கல் கோபுரங்கள், சில சரிந்தவை, சில முட்டுக்கொடுத்து நிற்பவை, சுற்றிலும் உயர்ந்த மரங்கள். அங்கோர் வாட்டின் பிரம்மாண்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர், இவ்வளவுதானா என்று கேட்டாலும் கேட்பார்.

ஆனால் அங்கோர் வாட் கட்டுவதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் இது ஈசானபுரம், ஈசானவர்மனின் தலைநகரம். ஏழாம் நூற்றாண்டின் முற்பாதி. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இங்கே வராவிட்டாலும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டுக் குறித்துவைத்திருக்கிறார். அதே காலத்தில் நம் காஞ்சியில் ஆண்டது பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். மண்டகப்பட்டுக் குடைவரையில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று அவன் பெருமையாகக் கல்வெட்டில் எழுதிவைத்தான். கடலுக்கு அப்பால் ஈசானவர்மன், இவன் வேண்டாம் என்று தள்ளிய அந்தச் செங்கல்லிலேயே ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது என்பது தெரிந்த செய்திதான். அந்த வளர்ச்சியின் தொடக்க காலத்துக் கல்வெட்டுகள் இங்கே வாசல் நிலைகளில் இருக்கின்றன. பழைய கிரந்தக் கல்வெட்டு பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த எழுத்தின் முகம் அந்நியமாகத் தெரியாது.

மூன்று தொகுதிகள். வடக்கே பிரசாத் சாம்போர், கல்வெட்டுகளில் கம்பீரேஸ்வரர் என்று வருபவரின் கோயில். நடுவில் பிரசாத் தாவ், சுருள் சுருளான பிடரியோடு வாசலில் சிங்கங்கள். தெற்கே பிரசாத் யெய் போன். ஒரே தொகுதிதான் பார்க்க நேரம் என்றால் தெற்கை எடுங்கள். எண்கோணக் கோபுரங்களை அங்கே நன்றாகப் பார்க்கலாம். சதுரக் கோயிலே வழக்கமான கெமர் கட்டடக்கலையில் எட்டுப்பட்டைக் கோபுரம் அபூர்வம், இந்த ஊரின் தனி அடையாளம். 2017-இல் யுனெஸ்கோ இதைப் பட்டியலில் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கோபுரத்தின் வெளிச்சுவருக்கு மிக அருகில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் செங்கல்லிலேயே ஒரு சின்ன அரண்மனை செதுக்கியிருக்கும். தூண், மாடம், மாடத்துக்குள் ஆட்கள், கீழே அதைச் சுமந்து பறக்கும் உருவங்கள். பறக்கும் மாளிகை என்றே இதற்குப் பெயர். செங்கல்லை அடுக்கி முடித்த பிறகு உளியால் செதுக்கிய வேலை. செங்கல் இணைப்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கம். முகங்கள் மழையில் கரைந்துவிட்டன, ஆனாலும் உட்கார்ந்திருக்கும் தோரணை மிச்சமிருக்கிறது. தெற்குத் தொகுதியின் மதில் சுவரில் பெரிய வட்டங்களுக்குள் காட்சிகள் இருக்கின்றன. காலையில் சாய்ந்த வெயில் படும்போதுதான் உருவம் பிடிபடும். உச்சி வெயிலில் வெறும் சுவராகத்தான் தெரியும். உள்ளே நிற்கும் சிலைகள் நகல்கள், அசல்கள் பினோம் பென்னில் இருக்கின்றன.

கோயில்களுக்கு நடுவே தரையில் வட்டமான பள்ளங்கள் வரும். பழங்காலக் குளம் என்று நினைத்துவிட வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகள் தோண்டியவை.

சரி, தூரம்? இங்கேதான் இது மற்றவற்றை ஜெயிக்கிறது. பினோம் பென்னுக்கும் சியம் ரீப்புக்கும் நடுவில், ஆறாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கம்போங் தோம் இருக்கிறது. அங்கிருந்து 30 கிலோமீட்டர் உள்ளே. இரண்டு நகரங்களையும் எப்படியும் பார்க்கப் போகிறவர்கள் பேருந்துக்குப் பதில் ஒரு வாடகைக் கார் பிடித்தால், பயண நாளிலேயே இதை முடித்துவிடலாம். தனி நாள் செலவே இல்லை. இதே சாலையில் சியம் ரீப் பக்கம் கம்போங் க்டேய் வரும். அங்கே செம்புராங்கல்லில் கட்டிய பழைய அங்கோர் காலத்துப் பாலம் இருக்கிறது. இரு முனையிலும் படமெடுத்த நாகங்கள். டிரைவர் டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

கட்டணம் 10 டாலர். தரை சமதளம், மரநிழல் அதிகம், ஏறவேண்டிய படி குறைவு. வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

பந்தியாய் ச்மார்: சிற்பத்துக்கு இதுதான், ஆனால் இப்போது?

கூட்டம் இல்லாத கோயில்களில் எது சிறந்தது என்று மட்டும் கேட்டால், தூரத்தையும் நிலவரத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இதைத்தான் சொல்வேன். ஏழாம் ஜெயவர்மன் கட்டியது, பனிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில். அங்கோரில் பாயோன் கோயிலைக் கட்டிய அதே கை. அங்கே இருப்பதுபோல் பெரிய முகங்கள் செதுக்கிய கோபுரங்கள் இங்கேயும் உண்டு. இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த சம்பா நாட்டுப் படையோடு நடந்த படகுப் போர் நீளமான சுவர்ச் சிற்பமாக ஓடுகிறது. ஸ்ரீந்திரகுமாரன் என்ற இளவரசனையும் அவனுக்காகச் செத்த தோழர்களையும் பற்றிய கல்வெட்டு இங்கே கிடைத்தது. பாயோனில் இதே மாதிரிச் சிற்பங்களைத் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். இங்கே எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

மேற்குச் சுவரில் பல கைகளோடு லோகேஸ்வரர் என்ற போதிசத்துவர். அவற்றில் ஒரு உருவத்துக்கு 32 கை. வரிசையாக எட்டு இருந்தன, இப்போது இரண்டுதான் இடத்தில் இருக்கின்றன. 1998-இல் சுவரையே பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். தாய்லாந்தில் ஒரு லாரி பிடிபட்டபோது அதில் 117 துண்டுகள் இருந்தன. திரும்பி வந்த இரண்டு லோகேஸ்வரர்கள் பினோம் பென் அருங்காட்சியகத்தில் நிற்கிறார்கள். மற்றவை போன இடம் தெரியவில்லை.

சியம் ரீப்பிலிருந்து சிசபோன் வழியாக இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஒரே நாளில் போய்வரலாம்தான், ஆனால் அது அநியாயம். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் தங்கும் ஏற்பாடு இருக்கிறது. கிராமத்து மர வீட்டில் படுக்கை, வீட்டுச் சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அவர்களே. மாலையும் மறுநாள் காலையும் கோயில் கிட்டத்தட்ட உங்களுக்கே. சுற்றியிருக்கும் துணைக் கோயில்களுக்கு நடந்தோ சைக்கிளிலோ போகலாம்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். தாய்லாந்து எல்லை இங்கிருந்து பக்கம். 2025 ஜூலை 24 முதல் 28 வரை இரு நாட்டுக்கும் சண்டை நடந்தது. டிசம்பரில் மறுபடி வெடித்து, மாதக் கடைசியில் போர் நிறுத்தம் வந்தது. இந்த நிலைமை எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊர்க்காரர்களாலேயே சொல்ல முடியாது. அரசாங்கங்கள் எச்சரிக்கை விடுத்திருக்கும் பகுதிக்குப் போனால் பல பயணக் காப்பீடுகள் செல்லாது என்பதையும் கவனத்தில் வையுங்கள். நிலவரம் முழுக்க அடங்கியிருக்கிறது என்று கம்போடியாவில் இறங்கிய பிறகு உள்ளூரில் விசாரித்து உறுதி செய்தால் போங்கள். இல்லையென்றால் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில்.

எல்லைக் குன்றின் உச்சியில் இருக்கும் பிரியா விகார் பற்றியும் கேட்பீர்கள். இந்தக் கோயிலுக்காகவே இரு நாடும் சர்வதேச நீதிமன்றம் வரை போயின, 1962-இல் கம்போடியாவுக்குத் தீர்ப்பானது. கீழே 500 மீட்டருக்கும் மேல் இறங்கும் செங்குத்துப் பாறை. இடம் அற்புதமானது, ஆனால் சண்டையின் நடுமையமே அதுதான். 2025-இல் கோயிலுக்கே சேதம் ஆனது. அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

எல்லை தாண்டினால்

லாவோஸில் வாட் பூ. சியம் ரீப்பிலிருந்து ஒரு நாள் உலா என்று நினைக்க வேண்டாம், இது தனிப் பயணம். பாங்காக்கிலிருந்து உபோன் வரை ரயிலிலோ விமானத்திலோ போய், எல்லை தாண்டி பாக்சே, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் சம்பாசக். மேக்கோங் ஆற்றங்கரை ஊர். பூ காவ் மலையின் உச்சியில் பாறையே லிங்கம் போலத் துருத்தி நிற்கிறது. அதனால் பழைய கல்வெட்டுகளில் அது லிங்கபர்வதம். அங்கோருக்கு முந்தைய காலத்திலிருந்தே புனித இடம். இப்போது நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை பதினொன்று முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரையிலானவை.

மலைச் சரிவில் அடுக்கடுக்காக ஏறும் படி, இருபுறமும் நம் ஊரில் கோயில் தோறும் இருக்கும் ஈழத்தலரி மரங்கள். படிகள் செங்குத்து, உயரமும் சீராக இல்லை. மூட்டு வலி உள்ளவர்கள் கீழ் மண்டபங்களோடு நின்றுகொள்ளலாம். அங்கே வடக்கு மண்டபத்தைச் சீரமைக்கும் வேலையில் நம் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு. மேலே போனால் கருவறைக்குப் பின்னால் பாறையடியில் சுனை. அந்தத் தண்ணீரைக் கல் வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து லிங்கத்தின் மேல் இடைவிடாமல் விழும்படி செய்திருந்தார்கள். இப்போது கருவறையில் புத்தர். மக்கள் இன்னமும் சுனை நீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். கம்போடியக் கோயில்களில் பலவற்றில் இல்லாத வழிபாட்டின் உயிர் இங்கே இருக்கிறது. அதற்காகவே போகலாம். பிப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டிய திருவிழாவின்போது மட்டும் ஊரே நிரம்பிவிடும்.

தாய்லாந்தில் பிமாய், பனோம் ருங் இரண்டும் நன்றாகச் சீரமைத்தவை, இடிபாடு என்றே சொல்ல முடியாது. பனோம் ருங் அணைந்துபோன எரிமலையின் மேல் நிற்கிறது. ஆண்டுக்கு நான்கு முறை சூரிய ஒளி பதினைந்து வாசல்களையும் ஊடுருவும். அந்த நாட்களில் கூட்டம் தள்ளும், மற்ற நாட்களில் பரவாயில்லை. இதுவும் எல்லைக்குக் கொஞ்சம் பக்கம்தான். பிமாய் நன்றாக உள்ளே தள்ளி, ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. கம்போடியாவுக்கே போகாமல் பாங்காக் மட்டும் போகிறவர்கள் கோராட் வழியாகப் பிமாய் போனால் கெமர் கலை என்ன என்பதற்கு ஒரு நல்ல மாதிரி கிடைத்துவிடும். ஆனால் 2025 ஜூனிலிருந்து தாய்லாந்து, கம்போடியா தரைவழிக் கடவுகள் மூடிக்கிடப்பதால், இரண்டு நாட்டையும் சாலை வழியாகச் சேர்த்துப் போடும் பழைய திட்டங்களை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

அப்படியானால் யாருக்கு எது?

பினோம் பென், சியம் ரீப் இரண்டுக்கும் போகிறவர் என்றால் சாம்போர் பிரே குக். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. சியம் ரீப்புக்கே பறந்து வந்து அங்கிருந்தே திரும்புகிறவர், ஒரு நாள் கையில் இருக்கிறது என்றால் பெங் மீலியாவைக் காலையில் முடித்துவிட்டுக் கோ கெர். நான்கு பேர் சேர்ந்தால் கார் வாடகை தலைக்குப் பெரிதாக வராது. ஏற்கெனவே ஒருமுறை அங்கோர் பார்த்தவர், சிற்பத்தில் ஈடுபாடு உள்ளவர், எல்லை அடங்கியிருக்கிறது என்றால் பந்தியாய் ச்மாரில் ஒரு இரவு. சிவத்தலம் என்ற கண்ணோடு போகிறவர் வாட் பூவுக்குத் தனியாகவே ஒரு பயணம் போடலாம்.

காடும் தனிமையும் எத்தனை இருந்தாலும் போதாது என்கிறவர்களுக்கு இன்னொன்று உண்டு. கம்போங் ஸ்வாயின் பிரியா கான், உள்ளூரில் பாக்கான் என்பார்கள். வெளிச்சுற்று ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர். பெயர் ஒன்றாக இருப்பதால் அங்கோரில் உள்ள பிரியா கானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், டிரைவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். உள்ளே திருட்டுக்காகத் தோண்டிச் சிதைத்தது அதிகம், பார்க்க முடிவது குறைவு. முதல் பயணத்தில் இதற்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலநிலை நன்றாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் செங்கல்லும் கல்லும் அனல் கக்கும். ஏப்ரல் நடுவில் கெமர் புத்தாண்டு, நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் வரும். அந்த நாட்களில் உள்ளூர்க் குடும்பங்கள் பாயும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு எல்லாக் கோயிலுக்கும் வந்துவிடுவார்கள், கூட்டமில்லாத கோயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. மழைக்காலத்தில் பச்சையும் பாசியும் அழகு, ஆனால் வழுக்கும்.

சாப்பாடு: சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் கிடைக்கும். கோ கெர், சாம்போர், பந்தியாய் ச்மார் பக்கம் கிடைக்காது. காய்கறி மட்டும் போட்ட பொரியல் என்று சொல்லி வாங்கினாலும் அதில் மீன் சாறு விட்டிருப்பார்கள், அல்லது பிராஹோக் என்கிற புளித்த மீன் விழுது கலந்திருக்கும். அவர்களைப் பொறுத்தவரை அது அசைவமே இல்லை. சுத்த சைவம் என்றால் காலையில் கிளம்பும்போதே ரொட்டி, பழம், நம் ஊர் ஊறுகாய் ஒரு பொட்டலம் என்று பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சோறு எந்தக் கடையிலும் கிடைக்கும். சின்ன நோட்டாக டாலர் வைத்திருங்கள், கிழிந்த நோட்டை வாங்க மாட்டார்கள். மீதிச் சில்லறை கம்போடிய நாணயமான ரியெலில் வரும்.